ரத்த வகை ஒன்றுதான், அப்புறம் ஏன் பொருந்தவில்லை?

ஓர் அப்பா கேட்டது இதுதான். 4 வயது மகளுக்குத் தலசீமியா மேஜர் (உடம்பு போதிய ஹீமோகுளோபினை உருவாக்க முடியாத பரம்பரை நோய்). எட்டாவது மாதம் தொடங்கி மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறார்கள். வகை பி பாசிட்டிவ். இதுவரை எந்தத் தொந்தரவும் வந்ததில்லை. இந்தமுறை ரத்த வங்கியில், “குழந்தைக்கு ஆன்டிபாடி வந்திருக்கிறது, சின்ன சி, பெரிய இ இரண்டுக்கும் எதிராக. பொருந்துகிற பையைத் தேட இரண்டு நாள் ஆகும்” என்று சொல்லிவிட்டார்கள். பி பாசிட்டிவ் பைகள் கண்ணெதிரே அடுக்கி இருக்கும்போது எதைத் தேடுகிறார்கள்? ஓ நெகட்டிவ் யாருக்கு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்கிறார்களே, அதை ஏற்றினால் என்ன? அப்பாவான எனக்கும் பி பாசிட்டிவ்தானே, நான் கொடுக்கக் கூடாதா?

பல வருடம் ரத்த வங்கியில் கிராஸ் மேட்ச் (கொடையாளரின் ரத்தம் நோயாளிக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனை) மேஜையில் வேலை பார்த்தவன் நான். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உங்கள் மகளுக்கு ரத்தம் கிடைக்கும். ஆன்டிபாடி என்பது அந்நியப் பொருளை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதம்; இந்த இரண்டு ஆன்டிபாடியும் சமாளிக்கக்கூடியவை. ஆனால் அடுக்கி இருக்கும் பி பாசிட்டிவ்வில் ஏதோ ஒன்றை எடுத்து ஏற்ற முடியாது, ஓ நெகட்டிவ் இவளுக்கு ஆகவே ஆகாது, உங்கள் ரத்தமும் வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அட்டையில் ‘பி பாசிட்டிவ்’ என்று எழுதியிருப்பது இரண்டே இரண்டு விஷயம். ஏ, பி, ஏபி, ஓ என்பது ஒன்று. ஏபிஓ என்ற அந்தத் தொகுதியை வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டுபிடித்து 1901-ல் எழுதினார். பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது இன்னொன்று. ஆர்ஹெச் தொகுதியில் உள்ள ‘டி’ என்ற ஒரே ஓர் ஆன்டிஜென் (எதிர்ப்பு அமைப்பு அடையாளம் கண்டு எதிர்க்கக்கூடிய பொருள்) சிவப்பணுவின் மேல் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் அது. ஆனால் சிவப்பணுவின் மேற்பரப்பில் இதுவரை அடையாளம் கண்ட ஆன்டிஜென்கள் 300-க்கும் மேல். அவற்றை 40-க்கும் மேற்பட்ட தொகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கெல், டஃபி, கிட், எம்என்எஸ் என்று நோயாளி வீட்டாருக்கு ஒருநாள் அறிமுகமாகும் பெயர்கள் எல்லாம் அந்தத் தொகுதிகள்தான்.

விபத்திலோ பிரசவத்திலோ வாழ்க்கையில் ஒருமுறை இரண்டு பை ஏற்றிக்கொண்டவருக்கு இந்த மற்ற ஆன்டிஜென்கள் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. காரணம் இது. ஏ, பி-க்கு எதிரான ஆன்டிபாடிகள், யாருடைய ரத்தமும் உடம்புக்குள் வராமலே, பிறந்த சில மாதங்களில் தானாக உருவாகிவிடுகின்றன. அதனால்தான் அதில் தவறினால் முதல் பையிலேயே உயிருக்கு ஆபத்து. மற்ற ஆன்டிஜென்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. உடம்பு அவற்றை ஒருமுறையாவது பார்த்தால்தான் எதிர்ப்பு உருவாகும். அதற்குச் சில வாரமோ மாதமோ ஆகும். இரண்டு பையோடு நிறுத்திவிட்டவருக்கு அதற்குள் அந்த அணுக்களின் ஆயுளே முடிந்திருக்கும்.

உங்கள் மகளின் கணக்கு வேறு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 17 தடவை. இந்த நான்கு வயதுக்குள் 50 தடவைக்கு மேல் முன்பின் தெரியாதவர்களின் ரத்தம் அவள் உடம்புக்குள் போயிருக்கிறது. ஒவ்வொரு பையிலும் அவளிடம் இல்லாத ஏதாவது ஓர் ஆன்டிஜென் இருந்திருக்கும். அவளுடைய நோய் எதிர்ப்பு அமைப்பு இத்தனை நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இப்போது இரண்டை அடையாளம் கண்டுகொண்டது. இது யாரோ செய்த தவறால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. நீங்கள் செய்த தவறு நிச்சயமாக இல்லை.

இப்போது அந்தச் சின்ன சி, பெரிய இ. ஆர்ஹெச் தொகுதியில் டி தவிர முக்கியமானவை நான்கு: பெரிய சி, சின்ன சி, பெரிய இ, சின்ன இ (ஆங்கிலத்தில் C, c, E, e). பெயரைக் கேட்டால் பெரியது ‘இருக்கிறது’, சின்னது ‘இல்லை’ என்று தோன்றும். அப்படி இல்லை. சின்ன சி தனி ஆன்டிஜென், பெரிய சி தனி ஆன்டிஜென். (டி-க்கு மட்டும்தான் சின்ன டி என்று ஒரு பொருளே கிடையாது, டி இல்லை என்பதை அப்படி எழுதுகிறார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள்கூட இதில் குழம்புவார்கள்.) அம்மாவிடமிருந்து சி-யில் ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வரும். இ-யிலும் அப்படியே. உங்கள் மகளுக்கு இரண்டு பேரிடமிருந்தும் பெரிய சி-யும் சின்ன இ-யுமே வந்திருக்கிறது. அதனால் சின்ன சி-யும் பெரிய இ-யும் அவள் உடம்புக்குத் தெரியாத பொருள்கள். இந்த இரண்டு ஆன்டிபாடிகளும் ஜோடியாக வருவது எங்களுக்குப் பழகிய காட்சி.

ஓ நெகட்டிவ் ஏன் ஆகாது என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. ஓ நெகட்டிவ் ‘யாருக்கும் பொருந்தும்’ என்பது ஏபிஓ, டி என்ற இரண்டை மட்டும் பார்த்துச் சொன்னது. வகை பார்க்கக்கூட நேரம் இல்லாத அவசரத்துக்காகச் சொன்னது. டி நெகட்டிவ் ஆனவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சி-யில் இரண்டும் சின்ன சி-யாகவே இருக்கும். அதாவது எந்த ஓ நெகட்டிவ் பையை எடுத்தாலும் உங்கள் மகள் எதிர்க்கிற அதே சின்ன சி அதில் இருக்கும் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். நல்லது செய்வதாக நினைத்து ஒருவர் அந்தப் பையைக் கேட்டு வாங்கி ஏற்றினால், ஏற்றிய அணுக்கள் சில நாட்களில் அழிந்துபோகும். ஆனால் ஓ பாசிட்டிவ், பி பாசிட்டிவ் கொடையாளர்களில் சின்ன சி இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 5 பேரில் ஒருவர். தெற்காசியரிடம் அதைவிடத் தாராளம். சின்ன சி இல்லாதவரிடம் பெரிய இ-யும் அநேகமாக இருக்காது. அதனால் ஒன்றைத் தேடினால் இரண்டும் சேர்ந்தே கிடைத்துவிடும். இரண்டு நாள் கேட்டது இந்தத் தேடலுக்குத்தான்.

அந்த இரண்டு நாளில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி வரும். குழந்தையின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும், ஆன்டிபாடிகள் உள்ள தெளிந்த நீர்), ஆன்டிஜென் விவரம் முழுதும் தெரிந்த 11 அல்லது அதற்கும் மேற்பட்ட வெவ்வேறு நபர்களின் செல்களோடு தனித்தனியாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். எதனுடன் ஒட்டுகிறது, எதனுடன் ஒட்டவில்லை என்ற வரிசையை வைத்து, எந்த ஆன்டிபாடி என்று முடிவுக்கு வருவார்கள். அதன்பின் பைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துச் சின்ன சி, பெரிய இ இல்லாததை ஒதுக்குவார்கள். கடைசியாகக் கிராஸ் மேட்ச். குழாயில் குழந்தையின் சீரம் இரண்டு சொட்டு, பையிலிருந்து எடுத்துக் கழுவிய செல் ஒரு சொட்டு. 37 டிகிரியில் வைத்து, உப்புக் கரைசலில் மூன்று நான்கு தடவை கழுவி, கூம்ஸ் ரீஏஜென்ட் (செல்லின் மேல் உட்கார்ந்த ஆன்டிபாடிகளைப் பிடித்துச் செல்களை ஒட்ட வைக்கும் திரவம்) சேர்த்து, இயந்திரத்தில் வேகமாகச் சுற்றி எடுக்க வேண்டும். குழாயின் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு உட்கார்ந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்லச் சாய்த்தால், அந்தப் பொட்டு புகைபோல் சீராகக் கரைந்து எழ வேண்டும். எழுந்தால் பொருந்துகிறது. துணுக்குத் துணுக்காக உடைந்து மிதந்தால் அந்தப் பை உங்கள் குழந்தைக்கு இல்லை. பல இடங்களில் இப்போது இதை ஜெல் கார்டில் பார்க்கிறார்கள். அதில் பொருந்தாத செல்கள் ஜெல்லின் மேலேயே சிக்கி நிற்கும். சோதனையின் தத்துவம் ஒன்றுதான். 1945-ல் கூம்ஸ், மூரன்ட், ரேஸ் மூவரும் கொண்டுவந்தது.

கூம்ஸ் என்ற அந்தப் படியை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆர்ஹெச், கெல், கிட், டஃபி ஆன்டிபாடிகள் செல்லின் மேல் போய் உட்காரும். ஆனால் வெறும் உப்புக் கரைசலில் செல்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்காது. கூம்ஸ் இல்லாமல் அறை வெப்பநிலையில் சட்டென்று செய்கிற கிராஸ் மேட்ச், ஏபிஓ தவறைக் காட்டிக்கொடுக்கும், இவற்றைக் காட்டாது. வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டிய ஒருவருக்கு அது போதாது. உங்கள் ரத்த வங்கியில் ஆன்டிபாடி ஸ்கிரீனிங்கும் (சீரத்தில் ஏதாவது ஆன்டிபாடி இருக்கிறதா என்று தேடும் சோதனை) கூம்ஸ் கிராஸ் மேட்ச்சும் ஒவ்வொரு முறையும் செய்கிறார்களா என்று கேளுங்கள். தயங்க வேண்டாம், அது முறையான கேள்வி.

சரி, அப்பாவின் ரத்தம். உங்களிடம் ஒரு பெரிய சி கண்டிப்பாக இருக்கிறது, அதுதான் மகளுக்கு வந்தது. இன்னொன்று சின்ன சி-யாக இருக்கலாம். அப்படியானால் ‘பி பாசிட்டிவ்’ ஒன்றாக இருந்தும் உங்கள் ரத்தம் அவளுக்குப் பொருந்தாது. இரண்டும் பெரிய சி-யாகவே இருந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். நெருங்கிய ரத்த உறவினரின் வெள்ளையணுக்கள் உள்ளே போனால், ஹெச்எல்ஏ (தன் செல் எது, அந்நியச் செல் எது என்று உடம்பு பிரித்தறிய உதவும் அடையாளங்கள்) ஒற்றுமையால் அந்த உடம்பு அவற்றை அந்நியமாகப் பார்க்காமல் விட்டுவிடக்கூடும். ஆனால் அந்த வெள்ளையணுக்கள் குழந்தையின் உடம்பை அந்நியமாகப் பார்த்துத் தாக்கலாம். அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும். அதனால் உறவினர் ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றவே கூடாது. இன்னொன்று, நாளை எலும்பு மஜ்ஜை மாற்று என்று வந்தால் குடும்பத்துக்குள்தான் முதலில் தேடுவார்கள். அந்தக் குடும்பத்தின் ரத்தத்துக்கே உடம்பை இப்போது பழக்கி எதிர்ப்பு வரவழைத்துவிட்டால், அந்த வழியில் நாமே முள்ளைப் போட்ட மாதிரி. கொடுக்கத் துடிக்கிற அப்பா, அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்வது இந்த வேலையில் மிகக் கஷ்டமான ஒன்று. உங்கள் ரத்தம் வேறொரு குழந்தைக்குப் போகட்டும். கொடுங்கள்.

எனக்கு மறக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். தலசீமியா உள்ள ஓர் இளைஞர். சில வருடம் முன்பு அவருக்குக் கிட் தொகுதியில் ஓர் ஆன்டிபாடி கண்டுபிடித்திருந்தார்கள். கிட் ஆன்டிபாடிகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: சில மாதங்களில் ரத்தத்தில் அளவு குறைந்து, சோதனையில் தெரியாத அளவுக்குப் போய்விடும். ஆனால் உடம்பு மறக்காது. அவர் வேலைக்காக ஊர் மாறி, புது மருத்துவமனையில் ரத்தம் ஏற்றிக்கொண்டார். பழைய விவரம் எழுதிய அட்டை கையில் இல்லை. அங்கே ஸ்கிரீனிங் நெகட்டிவ், கிராஸ் மேட்ச் சுத்தம். சோதனை செய்தவர் மேல் குறையே இல்லை. எட்டாம் நாள் காய்ச்சல், இடுப்பு வலி, கண் மஞ்சள், சிறுநீர் கோலா நிறத்தில். ஹீமோகுளோபின், ஏற்றுவதற்கு முன் இருந்த அளவுக்கே இறங்கிவிட்டது. அவருடைய மாதிரி எங்களிடம் வந்தபோது, குழாயின் அடியில் இருந்த பொட்டு ஒரே கட்டியாக நின்றது; தட்டினாலும் உடையவில்லை. பிழைத்துக்கொண்டார். சட்டைப் பையில் ஓர் அட்டை இருந்திருந்தால் அந்த இரண்டு வாரம் அவர் படுக்கையில் கிடந்திருக்க வேண்டியதில்லை.

அதனால் உங்கள் மகளின் பெயர், வகை, கண்டறிந்த ஆன்டிபாடிகள், கண்டறிந்த தேதி எல்லாம் எழுதி, ரத்த வங்கியின் முத்திரையோடு ஓர் அட்டை வாங்குங்கள். பணப்பையில் ஒன்று, பள்ளிப்பையில் ஒன்று, போனில் ஒரு படம். எதிர்காலத்தில் ஸ்கிரீனிங் நெகட்டிவ் என்று வந்தாலும், அவளுக்குச் சின்ன சி, பெரிய இ இல்லாத ரத்தம்தான் ஏற்ற வேண்டும். ஒருமுறை வந்த ஆன்டிபாடி வந்ததுதான். அவள் வளர்ந்து தாயாகும் வயது வரும்போதும் அந்த அட்டை வேண்டும். தலசீமியா உள்ள பெண்கள் இன்று பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். சின்ன சி-க்கு எதிரான ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குப் போய் அதன் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியது. தெரிந்திருந்தால் மருத்துவர்கள் முன்கூட்டியே கண்காணிப்பார்கள்.

இப்போது இன்னும் ஒரு படி செய்ய வேண்டும். இரண்டு ஆன்டிபாடி வந்த உடம்பு மூன்றாவதையும் உருவாக்கக்கூடிய உடம்பு. எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. சிலருடைய எதிர்ப்பு அமைப்பு எளிதில் தூண்டப்படும் வகை. அதனால் இனி கெல் ஆன்டிஜெனும் சேர்த்துப் பொருத்திய ரத்தம் கேளுங்கள். தலசீமியாவுக்கான சர்வதேசப் பரிந்துரைகள், ஏபிஓ, டி-யோடு சி, இ ஜோடிகளையும் கெல்லையும் முதல் பையிலிருந்தே பொருத்தச் சொல்கின்றன. பொருத்துவதற்கு நோயாளியின் முழு ஆன்டிஜென் விவரம் தெரிய வேண்டும். அதை முதல் ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே எடுத்து வைத்திருந்தால் மிக எளிது. ஏற்றத் தொடங்கிவிட்டால், குழந்தையிடம் எடுக்கிற ரத்தத்தில் பாதி வேறு யாருடையதோ. கடைசியாக ஏற்றி மூன்று மாதம் ஆகாமல் செல்களை வைத்துச் செய்யும் சோதனையை நம்ப முடியாது. அவளால் மூன்று மாதம் ஏற்றாமல் இருக்க முடியாது. ஆனால் வழி இருக்கிறது. வெள்ளையணுக்களின் டிஎன்ஏ-வில் பார்க்கும் ஜீனோடைப் சோதனையை ஏற்றிய ரத்தம் குழப்பாது. ஒருமுறை செய்தால் ஆயுளுக்கும் போதும். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது, குழந்தைக்குத் தலசீமியா என்று இப்போதுதான் தெரிந்து, முதல் பை இன்னும் ஏற்றவில்லை என்றால், ஏற்றும் முன் இரண்டு மில்லி ரத்தத்தை எடுத்து முழு பீனோடைப் (சிவப்பணுக்களின் ஆன்டிஜென் விவரம்) போடச் சொல்லுங்கள். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை.

அப்படியானால் 300 ஆன்டிஜெனையும் பொருத்திவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். கணக்கு இடம் கொடுக்காது. நாலு பேரில் ஒருவரிடம் மட்டும் இல்லாத ஓர் ஆன்டிஜென் என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஒன்றைத் தேட 4 பையைச் சோதிக்க வேண்டும். இரண்டுக்கு 16. நான்குக்கு 256. அதனால் எதிர்ப்பை அதிகம் தூண்டுகிற சிலவற்றை மட்டும் முன்கூட்டியே பொருத்துகிறார்கள். கெல் அதில் முக்கியமானது. நல்ல வேளையாகப் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது கிடையாது, அதனால் தேடுவது சுலபம்.

அரிவாள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) உள்ளவர்களுக்கு இந்தப் பிரச்சினை இன்னும் தீவிரம். பக்கவாத ஆபத்து உள்ள குழந்தைகளுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றினால் அந்த ஆபத்து 90 சதவீதத்துக்கும் மேல் குறைகிறது என்று 1998-ல் வந்த ஆய்வு காட்டியது. எனவே ஏற்றாமல் இருப்பது தீர்வாகாது. ஆனால் நோயாளிகளில் பலர் ஆப்பிரிக்க வம்சாவளியினர், கொடையாளர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்று இருக்கும் நாடுகளில் ஆன்டிஜென்கள் எளிதில் ஒத்துப்போவதில்லை. ஆன்டிபாடி உருவாவது அங்கே அதிகம். சிலருக்கு, ஏற்றிய அணுக்களோடு சொந்த அணுக்களும் சேர்ந்து அழிந்து, ஏற்றுவதற்கு முன் இருந்ததைவிடக் கீழே ஹீமோகுளோபின் போய்விடும். அந்தச் சமயத்தில் இன்னும் ரத்தம் ஏற்றினால் நெருப்பில் எண்ணெய் விட்டது போல. எல்லாச் சமூகத்தினரும் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று கெஞ்சுவதற்குக் காரணம் இதுதான்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காக ஒன்று: மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு டாராட்டுமுமாப் என்ற மருந்து எடுக்கப் போகிறவர்கள் அந்த மருந்தைத் தொடங்கும் முன் ரத்த வங்கிக்கு மாதிரி கொடுத்துவிட வேண்டும். அந்த மருந்து எல்லாச் சிவப்பணுக்களின் மேலும் ஒட்டிக்கொண்டு, கிராஸ் மேட்ச் முழுவதையும் பொருந்தாதது போலக் காட்டும். சோதிப்பவருக்கு முன்னமே தெரிந்தால் அதைக் கடக்க வழி உண்டு.

பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் மகளுக்கு வெள்ளையணு நீக்கிய ரத்தமே ஏற்ற வேண்டும். ஏற்றும்போது வரும் குளிர்காய்ச்சல் வெகுவாகக் குறையும். ஒவ்வொரு பையிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, அதை வெளியேற்ற உடம்புக்கு வழி இல்லை. ஆன்டிபாடி வந்து அணுக்கள் சீக்கிரம் அழிந்தால் அதிகப் பைகள் தேவைப்படும், இரும்பும் அதற்கேற்ப ஏறும். வழக்கமான மூன்று வாரம் தாங்காமல் இரண்டாம் வாரமே குழந்தை சோர்ந்துபோனால், அவளுக்கு என்ன வயிற்றுக் கோளாறோ என்று விடாதீர்கள். ஆன்டிபாடி ஸ்கிரீனிங்கை மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

இந்தமுறை காத்திருங்கள். அவளுடைய ஹீமோகுளோபின் எவ்வளவு, இரண்டு நாள் தாங்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வழக்கமான தேதிக்கு வந்த குழந்தை என்றால் அநேகமாகத் தாங்கும். ஏற்றிய பிறகு இரண்டு வாரம் சிறுநீரின் நிறத்தையும் கண்ணின் வெள்ளையையும் பாருங்கள். அடுத்தமுறை முதல், தேதியை ஒரு வாரம் முன்பே ரத்த வங்கிக்குச் சொல்லிவிடுங்கள். சின்ன சி இல்லாத கொடையாளர்களை அவர்கள் குறித்து வைத்திருப்பார்கள், கூப்பிட நேரம் கிடைக்கும். குழந்தையின் மாதிரி ரத்தத்தை மட்டும் அவ்வளவு முன்னதாகக் கொடுக்க வேண்டாம். தொடர்ந்து ஏற்றிக்கொள்பவர்களின் மாதிரி மூன்று நாளுக்கு மேல் செல்லாது, அதற்குள் புது ஆன்டிபாடி வந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை ஏற்றுவதாக இருந்தால் புதன்கிழமை காலையில் கொடுங்கள்.